டீயில் படியும் ஆடையும் உன் சுருள் முடியும்

அம்முணி,

வழுக்கைத் தலையன் ஒருவன் தலைமுடியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறான். சிரித்துக்கொள். பல் இல்லாதவன் பட்டாணிக் கடை வைத்த மாதிரி என்று உன் அம்மா ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. சுருக்கமாக எழுதுங்கள் என்றும் சொன்னாள். சுருள் முடியைப் பற்றி யாரால் சுருக்கமாக எழுத முடியும்? ஆனால் போனில்தான் அனுப்புகிறேன், சிரித்து முடித்ததும் கடைசி வரி வரைக்கும் படி, சனிக்கிழமைக்குள் படி. ஏனென்றால் உன் அப்பன் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். மூன்று நாளாக டீ ஃபேக்டரியில் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கண்டாலே இப்போது ஆட்கள் ரோலர் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். சுருள் முடிப் பிள்ளை பெற்ற வேறு எந்த அப்பன் இதைப் படித்தாலும் சரி, படித்துவிட்டுக் கையில் இருக்கிற சீப்பை முதலில் கீழே வைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உன்னை வீடியோவில் கூப்பிட்டோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் எட்டு மாதத்தில் முதல் முறையாக நீ வீட்டுக்குள்ளேயே கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்திருந்தாய். குளிரா என்றேன். ஹீட்டர் ஓடுகிறது, குளிரெல்லாம் இல்லை என்றாய். "அப்பறம் எதுக்கு அம்முணி குல்லா, கழட்டு" என்றேன். நீ கழற்றவில்லை. "முடி கொத்துக் கொத்தா வருதுங்ப்பா. எவ்வளவு ஷாம்பு போட்டாலும் நுரையே வர்றதில்ல. காஞ்சா தேங்கா நாரு மாதிரி நிக்குது. சனிக்கெழம பத்து மணிக்கு ஒரு சலூன்ல நேரம் வாங்கிட்டேன். மருந்து போட்டு நேராக்கி உட்டுருவாங்க. ஒரு நாளாவது தலையப் பத்தி நெனைக்காம எந்திரிக்கணும்ங்ப்பா" என்றாய். இதைக் கேட்ட ஒரு நல்ல தகப்பன் என்ன சொல்லியிருப்பான்? நான் சொன்னது உனக்கே தெரியும். "அப்ப நம்ம ஊட்டுலயும் ஒரு நேர்மையான ஆளு வந்தாச்சு!" சொல்லிவிட்டு நானே சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "நீங்க எப்பவுமே இப்படித்தானுங்ப்பா" என்றாய். திரை கறுத்துவிட்டது.

உன் அம்மா பக்கத்தில் கேரட் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "புள்ள அழுதுட்டே வெச்சுட்டா. உங்களுக்கென்ன, வாயி இருக்குது, பேசிட்டீங்க" என்றாள். அதற்கு மேல் அவள் சொன்ன ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வர வேண்டியிருக்கிறது. முதலில் கண்டுபிடிப்பு.

திங்கட்கிழமை காலை, ஃபேக்டரியில் வழக்கம்போல அன்றைய தூளை ருசி பார்க்க வரிசையாகக் கப் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மனசு அங்கே இல்லை. கப்பில் டீ தளதளவென்று, வெள்ளைப் பீங்கானில் ஒரு பொட்டுக் கறை இல்லாமல், ஓரத்தில் தங்க வளையத்தோடு நின்றது. அப்போதுதான் நீ அங்கே போன முதல் வாரம் போன் செய்தது ஞாபகம் வந்தது. "அப்பா, நீங்க குடுத்துவிட்ட டீத்தூள் நல்லால்ல. கலங்கலா வருது. மேல பாலாடை மாதிரி ஒண்ணு படியுது, கப்பெல்லாம் கறை" என்றாய். இருபத்தெட்டு வருஷமாக டீ மேக்கர் வேலை பார்க்கிறவனிடம் டீத்தூள் சரியில்லை என்றால் விடுவேனா? பாத்திரத்தை ஒழுங்காகக் கழுவு, கொதிக்கவிடாதே, அதிக நேரம் ஊறவிடாதே என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். உன் கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஓடு ஓடாகப் படிகிறது என்று நடுவில் நீ சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. அம்முணி, டீயின் மேல் ஆடை படிந்தால் குற்றம் டீயினுடையது அல்ல, தண்ணீருடையது! அதில் சுண்ணாம்பு இருக்கிறது. இது எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். அந்தக் கெட்டிலுக்குள் வருகிற தண்ணீர்தான் உன் ஷவரிலும் வருகிறது என்பது மட்டும் எட்டு மாதமாக என் மண்டையில் ஏறவில்லை, வழுக்கி விழுந்திருக்கும். கப்பை வைத்துவிட்டு அங்கேயே கத்திவிட்டேன். தூள் சலிக்கிற இடத்திலிருந்து இரண்டு பேர், மெஷினில் யாரோ கையை விட்டுவிட்டார்கள் என்று ஓடி வந்தார்கள்.

யோசித்துப் பார். நீ பிறந்ததிலிருந்து குளித்த தண்ணீர் எது? மேலே சோலைக்குள் இருக்கிற ஊற்றிலிருந்து குழாய் போட்டு நம் லைன் வீடுகளுக்கு வருகிறதே, அது. சோப்புப் போட்டால் வழவழவென்று போகவே போகாத தண்ணீர். பத்துச் சொம்பு ஊற்றினாலும் இன்னும் நுரை இருக்கிறது என்று நீ கத்துவாய். அந்தத் தண்ணீரில் இருபத்துமூன்று வருஷம் வளர்ந்த முடியைக் கொண்டுபோய், தினமும் சுண்ணாம்பில் முக்கி முக்கி எடுத்தால் அது என்ன செய்யும்? சுருள் முடிக்கு இயல்பிலேயே தாகம் அதிகம். மண்டையில் ஊறுகிற எண்ணெய் நேர் முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை போய்விடும். சுருளில் நம் மலைப்பாதை பஸ் மாதிரி ஒவ்வொரு வளைவாகத் திரும்ப வேண்டும், பாதி வழியில் நின்றுபோகும். அதன் மேல் சுண்ணாம்பும் ஏறினால் முடி விறைக்கும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், இழுத்தால் அறுந்துவிடும். உன் முடியில் ஒரு கோளாறும் இல்லை அம்முணி. அதுதான் என் சந்தோஷம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சும்மா வாயில் சொல்கிறேன் என்று நினைக்காதே, சோதனை செய்தே பார்த்தேன். கீழே பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டப்பா வாங்கி, வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, அதில் டீ போட்டேன். நீ சொன்ன அதே கலங்கல், மேலே அதே ஆடை! சரி, அடுத்தது முடி. என் தலையில் செய்யலாம் என்றால் அங்கே தலைதான் இருக்கிறது. அம்மாவின் பீரோவைத் திறந்து, கல்யாணத்துக்குப் போகும்போது வைத்துக் கட்டுவாளே அந்தச் சவுரி, அதை எடுத்து வாளியில் மூன்று தரம் அலசிக் கொடியில் போட்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் தரையைக் கழுவலாம் போல் இருந்தது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா பள்ளிக்கூட வேலை முடிந்து வந்துவிட்டாள்.

"ஏனுங்க, கொடியில என்னங்க தொங்குது, செத்த கீரியாட்ட?"

"ஆராய்ச்சி நடக்குது."

"அய்யோ, என்ர சவுரி! எங்கம்மா திருப்பூர்ல வாங்கிக் குடுத்ததுங்க அது!"

"இரு இரு, கத்தாத. இன்னும் ரெண்டாம் பாகம் இருக்குது."

"மொதப் பாகத்துக்கே உங்கள என்ன பண்றதுன்னு தெரியல, இதுல ரெண்டாம் பாகமா?"

ரெண்டாம் பாகத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பெரிய மக் நிறைய நல்ல தண்ணீர், அதில் ஒரு ஸ்பூன் வினிகர். சவுரியை அதில் இரண்டு நிமிஷம் விட்டு, ஊற்றுத் தண்ணீரில் அலசிப் பிழிந்தேன். கீரி செத்துப்போகவில்லை, அம்முணி! பழையபடி வழவழப்பாக, கையில் நிற்காமல் நழுவியது. உன் அம்மா கோபத்தை மறந்து அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "நெசந்தானுங்க" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு இந்தச் சொல் வந்தது இது மூன்றாம் முறை. நான் கரைத்த சுண்ணாம்பு உங்கள் ஊர்த் தண்ணீரில் இருப்பதைவிட ரொம்ப அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழி புரிந்துவிட்டது.

இனி, தள்ளி வைத்தேனே அது.

உனக்கு எட்டு வயது. மறுநாள் கோயிலில் உனக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிறாய். மழை ஒரு வாரமாக விடவில்லை. அம்மா சீயக்காய் போட்டுக் குளிக்க வைத்துவிட்டுப் பலகாரம் செய்யப் போய்விட்டாள். உன் தலை காய்வேனா என்றது. எனக்கு ஒரு யோசனை வந்தது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஃபேக்டரி மாடிக்குப் போனேன். அங்கே பறித்து வந்த கொழுந்தை வலை மேல் பரப்பி வாட்டுகிற நீளத் தொட்டிகள் இருக்கின்றனவே, கீழிருந்து பெரிய ஃபேன் ஊதும், மழைக்காலத்தில் அந்தக் காற்றில் சூடும் கலந்து விடுவோம். உன்னைத் தொட்டியின் ஓரத்தில், கொழுந்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்து ஃபேனைப் போட்டேன். பத்தே நிமிஷம். உன் முடி எழுந்தது, எழுந்தது, எழுந்துகொண்டே போனது. பூசணிக்காய் அளவு, பிறகு பரங்கிக்காய் அளவு, பிறகு அதற்குக் காய் இல்லை. மேலே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "மேக்கரய்யா, இந்தக் கூட்டுல காக்கா வந்து முட்ட வெச்சுரும்ங்கோ" என்றார் ஒருவர். அந்த நேரத்தில் உன்னைத் தூக்கி அணைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டிக்கொண்டு, "இந்தச் செடிக்குக் கவாத்துப் பண்ற காலம் வந்தாச்சு!" என்றேன். வளர்ந்து காடாகிப்போன தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்குவதற்குப் பெயர்தான் கவாத்து என்று எட்டு வயதிலேயே உனக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நீயும் சிரித்தாய். அதனால்தான் இத்தனை வருஷம் நான் நிம்மதியாக இருந்தேன்.

அன்றைய தூளில் சீயக்காய் வாசம் வந்ததும், ருசி பார்த்த மேனேஜர் முகத்தைச் சுளித்ததும், "புது ரகம் சார், பொம்பளைங்களுக்குன்னே போட்டது" என்று நான் சமாளித்ததும் ஊருக்கே தெரிந்த கதை. ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், உன் சிநேகிதிகளிடம்கூட. ஆனால் மறுநாள் காலை புதுநன்மைக்கு வைக்கிற பூக்கிரீடம் உன் தலையில் உட்காரவே இல்லை என்பதையும், அம்மா அரைச் சீசா எண்ணெயை ஊற்றி, இருந்த ஊக்கையெல்லாம் குத்தி உன் முடியைப் படிய வைத்ததையும் நான் கதையில் சேர்ப்பதே இல்லை. அதற்குப் பிறகு நீ தலையை விரித்துப் போட்டாலே இரண்டு விரலைக் காட்டுவேன். கதவு வழியாக எட்டிப் பார்த்து, சாப்பிடும்போது தட்டுக்கு மேலே, பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில். கத்தரிக்கு நான் சத்தமும் போடுவேன். பிறகு நீ விரித்துப் போடுவதையே நிறுத்திவிட்டாய். இறுக்கிப் பின்னி, மேலே மங்கி கேப்பையும் மாட்டிக்கொள்வாய். பிள்ளைக்குக் குளிர் தாங்கவில்லை என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேரட்டை நகர்த்தி வைத்துவிட்டு உன் அம்மா சொன்னது இது: "பதினோரு வயசுல ஒரு நாள், கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. கண்ணாடி முன்னால நின்னுட்டு, நீங்க பண்ற மாதிரியே ரெண்டு வெரல வெச்சுட்டு, அவ தலைய அவளே வெட்டி வெட்டிக் காட்டிட்டிருந்தா. சிரிக்கலைங்க. நானும் வெளையாட்டுன்னு உட்டுட்டேன்."

இதற்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அந்தச் சுருள் என்னிடமிருந்து வந்தது. முப்பத்தைந்து வயது வரை எனக்கும் அதே முடி இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை ஸ்பிரிங் என்பார்கள், அடுத்தவன் என்னைக் கிண்டல் செய்வதற்கு முன்னால் நானே என்னைக் கிண்டல் செய்து தப்பிக்கப் பழகியிருந்தேன். அதே வித்தையை உன் மேல் காட்டினேன். எனக்கு அது கவசமாக இருந்தது, உனக்கு அப்படி இருக்கவில்லை என்பது தெரிய எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது. என்னை மன்னித்துவிடு, கண்ணு.

இன்னொரு குற்றமும் பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவாள், ஷிஃப்ட் முடிந்து வருகிற நான்தான் உனக்குத் தலை வாருவேன். என் சட்டைப் பை சீப்பு, பல் நெருக்கமானது, உன் காய்ந்த தலை, எனக்கோ தூக்கக் கலக்கம். உச்சியில் குத்தி ஒரே இழுப்பாக இழுப்பேன். வாரி வழங்கிய வள்ளல் நான். வழங்கியது எல்லாம் உன் முடி. நீ "ஸ்ஸ்" என்பாய், நான் "சிக்கல் இல்லாத வாழ்க்கை உண்டா" என்று தத்துவம் பேசுவேன். இப்போது மூன்று நாளாகப் போனில் சுருள் முடிக்காரர்கள் பேசுகிற படங்களாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் முதல் வேலையாகச் செய்யாதே என்று சொல்வதைத்தான் நான் பத்து வருஷம் உனக்குத் தினமும் செய்திருக்கிறேன். காய்ந்த சுருளைச் சீப்பால் வாரவே கூடாதாம்! ஈரமாக இருக்கும்போது, கண்டிஷனர் வழவழப்பு இருக்கும்போதே, பல் அகலமான சீப்பை எடுத்து நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டுமாம். செடியில் கொழுந்து எடுக்கிற மாதிரிதான். பிடுங்கினால் தண்டும் வரும், நோகாமல் கிள்ளினால் கொழுந்து மட்டும் வரும். இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்தை அடிபடாமல் கொண்டுவாருங்கள் என்று ஆட்களிடம் கத்துகிறவன், வீட்டில் என்ன செய்திருக்கிறேன் பார்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். உங்கள் ஊர் மருந்துக் கடையில், தலையில் படிந்த சுண்ணாம்பை எடுக்கிற ஷாம்பு என்று கேள், இருக்கிறதாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு தரம் போதும், அதிகம் போட்டால் அதுவும் காயவிடும். மற்ற நாள் சாதாரண ஷாம்புவும் நிறையக் கண்டிஷனரும். குடிக்கிற தண்ணீரை வடிகட்டுகிற ஜக் ஒன்று வாங்கினாயே, கடைசி அலசலுக்கு அந்தத் தண்ணீரையே வைத்துக்கொள். வாரத்தில் ஒரு நாள் அதில் ஒரு ஸ்பூன் வினிகர், கண்ணில் படாமல். உன் ரூமே ஊறுகாய் ஜாடி மாதிரி மணக்கும், காய்ந்ததும் போய்விடும். டவலைப் போட்டுத் தேய்க்காதே, பழைய பருத்தி பனியனால் கீழிருந்து மேலே அமுக்கி எடு. ஈரம் இருக்கும்போதே ஜெல்லைத் தடவி அப்படியே விட்டுவிடு, தொடாதே. அவசரம் என்றால் டிரையரைக் குறைந்த சூட்டில் வை. கொழுந்தை அதிகச் சூட்டில் வாட்டினால் வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே பச்சையாக நிற்கும். மெதுவாக வாட்டினால்தான் மணம் வரும், இதை எந்தப் படத்தையும் பார்க்காமல் நானே சொல்வேன். தேங்காய் எண்ணெய் அங்கே உறைந்து கல்லாகிவிட்டது என்று அன்றைக்கு அழுதாயே, நம்மூர்க்காரிக்கு அது ஒரு பிரச்சினையா? இங்கே அடுப்போரம் வைப்போமே, அது போல ஹீட்டர் மேல் ஐந்து நிமிஷம் வை, உருகிவிடும். குளிப்பதற்கு முன்னால் நுனிக்குக் கொஞ்சம் போதும். தலையணைக்கு வழவழப்பான உறை வேண்டும். அம்மா அவளுடைய பழைய பட்டுப் புடவையின் முந்தானையில் இரண்டு தைத்துவிட்டாள், பார்சல் நேற்றே கிளம்பிவிட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, சனிக்கிழமை போகாதே என்று நான் சொல்லப்போகிறேன் என்று நினைப்பாய். நேற்று வரைக்கும் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். எழுத எழுதத்தான் எனக்கே விளங்கியது, அதைச் சொல்லும் உரிமை உலகத்தில் யாருக்காவது இல்லை என்றால் அது எனக்குத்தான். ஒரு நாளாவது தலையைப் பற்றி நினைக்காமல் எழுந்திரிக்க வேண்டும் என்றாய். அந்த நாள் உனக்கு நேர் முடியோடு வந்தால் அதோடு வரட்டும். என்னுடைய ஒரே வேண்டுதல், அங்கே போவதற்கு முன்னால் ஒரே ஒரு தரம், வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து வந்ததும், சுண்ணாம்பில்லாத தண்ணீரில் தலையை அலசிப் பார். நீ நேராக்கப்போவது உன் முடியையா, அந்த ஊர்த் தண்ணீரையா, அல்லது உன் அப்பனுடைய வாயையா என்று பார்த்துவிட்டுப் பிறகு நாற்காலியில் உட்கார். மூன்றாவதுதான் என்றால் சலூனுக்குப் போக வேண்டாம், அதை நானே செய்துகொள்கிறேன்.

உனக்குப் பத்து மணி என்றால் எங்களுக்குப் பிற்பகல் இரண்டரை. அன்றைக்கு எனக்கு லீவு. நீ போகிறாயோ இல்லையோ, வேலை எல்லாம் முடிந்து எப்போது தோன்றுகிறதோ அப்போது கூப்பிடு. குல்லாய் இல்லாமல் கூப்பிடு. நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று பயப்படாதே, சொல்ல வேண்டியதை முன்னாலேயே தயார் செய்துவிட்டேன். அம்மா எதிரில் உட்கார்ந்து நேற்றும் இன்றும் ஒப்பிக்க வைத்தாள். முதல் தடவை பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் தடவை கடைசியில் ஒரு சிலேடையைச் சேர்த்துவிட்டேன், அகப்பையாலேயே வாங்கினேன். மூன்றாம் தடவை பாதியிலேயே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். நான்காம் தடவை சரியாக வந்தது. முடி எப்படி இருந்தாலும் அதே வாக்கியம்தான், ஒரு எழுத்தும் மாறாது. இருபத்துமூன்று வருஷத்தில் உன் தலையைப் பார்த்து நான் ஒரு தடவைகூடச் சொல்லாதது:

"அழகா இருக்கற, அம்முணி."

அப்பா